யோகனோடு மூர்ட்டன் வரை

செப்டெம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து மழை. காரிலிருந்து படகுக்குச் சாமான் ஏற்றியதில் இரண்டு பேரும் நனைந்துபோனோம். லாங்கன்தால் வீட்டில் வெளிக்கிடவே நேரமாகிவிட்டது. இவர் சப்பாத்துப் போட மறுத்து வாசலில் நின்றார்.

ஏற்றியது: அரிசி, மா, பருப்பு, மீன் டின், மிளகாய்த்தூள், இவருடைய மருந்துப் பெட்டி, பம்பர்ஸ் ஒரு பொதி, கம்பளி, மிதவைச் சட்டைகள், காஸ் சிலிண்டர். மறந்தது: தேயிலை வடி, என் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல். பரவாயில்லை, வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்.

படகு பியூரனுக்குக் கிட்ட, ஆரே ஆற்றங்கரையில். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடுகிற வகை, சுவிஸில் அபூர்வம். இரும்பு. ஒடுக்கமாக, நீளமாக, ரயில் பெட்டியை இரண்டு பக்கமும் அமத்திப் பிடித்ததுபோல. வாங்கியபோது உள்ளே எலி குடியிருந்தது. இவர் மூன்று குளிர்காலம், சனிக்கிழமை தவறாமல் வந்து வேலை செய்தார். டீசல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டார். கூரையில் சூரியத் தகடுகள், கட்டிலுக்குக் கீழே பற்றரிகள், சின்னக் குசினி, விறகு அடுப்பு. எலெக்ட்ரீசியன் கை. ஒரு வயர்கூட வெளியில் தெரியாது. ஏன் இவ்வளவு சின்ன மோட்டார் என்று கேட்டேன். "இந்த அளவெண்டா லைசென்ஸ் தேவையில்லை. நீரும் ஓட்டலாம்." நான் ஒருநாளும் ஓட்டவில்லை. இவர் ஓட்டுவார், நான் தேத்தண்ணி போடுவேன்.

அதெல்லாம் போன வருடத்துக்கு முதல். இப்போது மூளையின் முன்பக்கம் சுருங்குகிறது என்று டொக்டர் படம் போட்டுக் காட்டினார். டெமென்ஸ், மறதிநோய். வயது ஐம்பத்தெட்டு.

செவ்வாய் மத்தியானம் இவரைப் பொலிஸ் கொண்டுவந்து விட்டது. ஸ்டேஷனில் தண்டவாளத்துக்குள் இறங்கி நின்றாராம், வீட்டுச் செருப்போடு. அன்று பின்னேரமே ஹைமிலிருந்து, முதியோர் இல்லத்திலிருந்து, அழைப்பு. பதினைந்தாம் திகதி ஓர் அறை காலியாகிறது, அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டும். நல்ல இடம், தோட்டம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். எனக்கா சொல்கிறாள்? நானே ஒரு ஹைமில் வேலை செய்கிறவள். பின்னேரம் ஆனதும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நிற்பார்களே, அவர்களைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் இருத்துவது என் வேலை. "நாளைக்கு மகன் வருவார்" என்று சொல்வதும் என் வேலை.

மகள் அபிக்குச் சொன்னது: ஒரு கிழமை படகில் சுற்றிவிட்டு வருகிறோம். அபிக்குச் சொல்லாதது: மூர்ட்டனில் இவருடைய பழைய வேலைத்தோழர் ஒருவர் தன் படகைக் கட்டிவைக்கும் இடத்தை ஒக்டோபர் கடைசிவரை பாவிக்கச் சொல்லியிருக்கிறார். அங்கே கட்டிக்கொண்டு இவரோடு இருந்துவிடப் போகிறேன். அதற்குப் பிறகு? தெரியாது. படகில் இவர் ஓடமாட்டார். ஓட இடமில்லை. என் முழுத்திட்டமும் இவ்வளவுதான்.

ஏறியதும் உண்மையாகவே அமைதியானார். சுவரைத் தடவிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தார். இப்போது நித்திரை. கூரையில் மழை.

செப்டெம்பர் 5, வெள்ளி

மழை இல்லை. ஆற்றில் புகார், அக்கரை தெரியவில்லை.

இவர் பின்பக்கம் சுக்கானடியில் போய் நின்றார், வழக்கம்போல. திறப்பைப் போட்டுத் திருகினார். பிறகு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னப்பா?"

"இது... எந்தப் பக்கம்?"

முன்னுக்குப் போக எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை. தானே பூட்டிய பிடி. தானே பச்சையும் சிவப்பும் அடித்தது.

"நான் பிடிக்கிறன். நீங்கள் பக்கத்தில இருங்கோ."

மறு பேச்சில்லாமல் விலகி இடம் விட்டார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகிறது. தள்ளியவுடன் போகாது. போகவில்லையே என்று இன்னும் தள்ளினால், பிறகு ஒரேயடியாய்ப் போகும். கரைமரக் கொப்புகளுக்குள் இரண்டு தரம். கரையில் சைக்கிளில் போன மனிசன் இறங்கி நின்று பார்த்தார். ஒரு சூரியத் தகட்டில் கீறல். தோள்மூட்டு நோகிறது. ஆனால் படகு நகர்ந்தது. நான்தான் நகர்த்தினேன்.

போர்ட் என்ற இடத்தில் ஷ்லொய்ஸ. இரண்டு பக்கமும் கதவு வைத்த சீமெந்துத் தொட்டி. உள்ளே போனதும் பின்கதவு மூடும், தண்ணீர் ஏறும், படகை ஏரி மட்டத்துக்கு உயர்த்திவிடும். உள்ளே போகும்போது சுவரில் மோதினேன். இரும்புச் சத்தம் தொட்டி முழுக்க. முன்கயிறு இவருடைய கையில். "இறுக்கிப் பிடியுங்கோ" என்று சொல்லியிருந்தேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் விட்டுவிட்டார். படகு குறுக்கே திரும்பியது. ஒலிபெருக்கியில் "சைல்! சைல்!" என்று ஒரு குரல். கயிறு, கயிறு. எனக்குத் தெரியாதா கயிறு என்று.

நல்லகாலம், குலம் அண்ணை மேலே நின்றார். பீலில் பஸ் ஓட்டுகிறவர். பற்றரிகளை இவரோடு சேர்ந்து தூக்கி ஏற்றியவர். நான் வருகிறேன் என்று சொன்னதால் பார்க்க வந்திருந்தார். பொல்லால் கயிற்றைக் கொழுவி இழுத்துப் பிடித்தார்.

வெளியில் வந்து கட்டியபின்:

"தங்கச்சி, இது விசர் வேலை. ஆளைப் பாக்கிறதோ, போட்டைப் பாக்கிறதோ?"

"ரெண்டையும் பாப்பன் அண்ணை."

"அபிக்குத் தெரியுமோ?"

"ஓம்." பொய்.

பிறகு இவர் பக்கம் திரும்பினார். "யோகன், என்னைத் தெரியுதோ?"

"ஏன் தெரியாது? நீங்கள்தானே இந்தக் கதவு திறக்கிறவர்."

அண்ணை பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் காருக்குள் எதையோ தேடினார். நேரமெடுத்துத் தேடினார். மனைவி தந்துவிட்ட ரொட்டியும் சம்பலும்.

செப்டெம்பர் 6, சனி

வெயில்! பீல் ஏரி அசையவில்லை. வலப்பக்கம் முந்திரிகைத் தோட்டம், படிப்படியாக. இடப்பக்கம் தீவு. நேராக ஓட்டினேன், கிட்டத்தட்ட.

இவர் முன்பக்கம் கதிரையில். ஒரு பயணிகள் கப்பல் போனது; ஆட்கள் கை காட்ட இவரும் காட்டினார். பிறகு, எதிர்பார்க்கவே இல்லை:

"நிர்மலா, தேத்தண்ணி ஒண்டு தாருமன்."

பெயர். "தாரும்." கேட்டு எவ்வளவு காலம்.

தேத்தண்ணி போடச் சுக்கானை விட வேண்டும். மோட்டாரை நிற்பாட்டிவிட்டு, ஏரி நடுவில் மிதந்துகொண்டு, என் பழைய கழுத்துத்துணியால் வடித்துப் போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். "சீனி காணாது" என்றார். கல்யாணம் கட்டிய நாள் தொடக்கம் சொல்லும் குறை. அழுதுவிடுவேன் என்று பயந்து சீனிப் போத்தலை எடுக்கப் போனேன்.

இப்படியே இருந்தால் சமாளிக்கலாம். குளிருக்கு விறகு அடுப்பு இருக்கிறது. மூர்ட்டனில் கடை கிட்ட. டொக்டர் சொல்கிற எல்லாம் எல்லாருக்கும் நடப்பதில்லை.

பின்னேரம். மேலே எழுதியதை வெட்டவில்லை. கிடக்கட்டும்.

ஏர்லாக் என்ற ஊரில் கட்டிவிட்டுப் பாலும் தேயிலை வடியும் வாங்கக் கடைக்குப் போனேன். கதவை வெளியால் பூட்டிவிட்டுத்தான். திரும்பி வந்தால் மின்சாரப் பலகை முழுக்கத் திறந்து கிடக்கிறது. வயர் எல்லாம் மேசையில். நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வட்டமாகச் சுற்றி, அழகாக அடுக்கி.

"என்னப்பா இது? ஏன் கழட்டினனீங்கள்?"

"இஞ்சத்தை வேலை முடிஞ்சுது. நாளைக்கு வேறை சைற்."

கோபம் வந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன். இவர் பயந்து ஒரு மூலைக்குப் போய் நின்றார். பிறகு என் கோபத்தைப் பார்க்க எனக்கே பயம்.

குலம் அண்ணைக்கு வீடியோவில் எடுத்தேன். அவர் பஸ் டிப்போவில் நின்றுகொண்டு, "சிவப்பைக் காட்டு. இல்லை, தடிச்ச சிவப்பு. அதை மேலை பூட்டு." நான் முழங்காலில், வாயில் ஸ்க்ரூட்ரைவர். இவர் பின்னால் நின்று பார்த்தார். ஒருமுறை "பிழை" என்றார். எது பிழை என்று கேட்டேன். தெரியவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், மூக்கு ஒழுக. நோய் என்று சொன்ன நாளில்கூட அழாதவர்.

மோட்டார் வேலை செய்கிறது. விளக்கு வேலை செய்கிறது. குளிர்ப்பெட்டியும். ஒரு நீல வயர் மிச்சம். எதற்கென்று அண்ணைக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

சில் கால்வாய். தூறல். இரண்டு பக்கமும் நேர்க்கரை, நாய் கூட்டிப் போகிறவர்கள், ஒரு சாம்பல் கொக்கு. கால்வாய் நல்லது. கரை இரண்டும் கிட்ட. பயம் இல்லை.

இவர் காலையிலிருந்து என்னை "நீங்கள்" என்கிறார்.

முதலில் கவனிக்கவில்லை. "இதைப் பிடியுங்கோ." "நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?" மரியாதையாக. முப்பது வருடமாக "நீர்", "உமக்கு", கோபம் வந்தால் "நீ". இன்று ஊரில் புதிதாய்ச் சந்தித்த ஆளோடு கதைக்கிற மாதிரி. மத்தியானம் "அக்கா" என்றும் சொன்னார்.

"அக்கா, உங்கட அவர் எங்கை?"

"வேலைக்குப் போட்டார்."

"தனிய விட்டிட்டோ? கூடாத ஆள்."

"இல்லை. நல்ல மனிசன்."

தலையாட்டினார். நம்பவில்லை. தன் கம்பளியை எடுத்து என் காலில் போட்டுவிட்டார்.

அபி எடுத்தாள். குலம் அண்ணை சொல்லிவிட்டார் போல.

"அம்மா, அப்பா வயரைக் கழட்டினவராம். தஸ் கெய்ட் நிட்! இது சரிவராது. நாளைக்கே திரும்பி வாங்கோ."

"நல்லாத்தான் இருக்கிறார். சாப்பிடுறார்."

"ஹைமுக்குப் பதில் சொன்னீங்களோ?"

"வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கு."

"அம்மா, நீங்கள் மற்ற ஆக்களின்ர பிள்ளையளுக்கு என்ன சொல்லுவீங்கள்? உங்கட ஹைமில? 'ஒரு ஆளால ஏலாது, உங்களிலை பிழையில்லை' எண்டுதானே சொல்லுவீங்கள்? எனக்கே சொல்லியிருக்கிறீங்கள்."

"அது மற்ற ஆக்கள்."

அழுகிறாள் என்று விளங்கியது. பேர்னில் படிக்கிற பிள்ளை, பரீட்சை வேறு. "வைக்கிறன், கொக்கு நிக்குது" என்றேன். கொக்கு நிக்குது! இதையா சொன்னேன்?

கால்வாய் முடியும் இடத்தில் கட்டியிருக்கிறேன். நாளை நொயென்பூர்க் ஏரியின் ஒரு மூலையை மட்டும் கடக்க வேண்டும். பிறகு புரோய் கால்வாய், அதற்குள் போய்விட்டால் மூர்ட்டன் வந்தமாதிரி. ஏரி வேலைக்கு இந்தப் படகு இல்லை, அடி தட்டை, அலைக்கு ஆகாது என்று இவர் முந்திச் சொல்வார். காலையில் காற்று இருக்காது. வெள்ளெனப் போய்விட வேண்டும்.

மாச்சட்டி கழுவவில்லை. கிடக்கட்டும்.

செப்டெம்பர் 8, திங்கள் (மறுநாள் காலையில் எழுதுகிறேன்)

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளெனப் போக முடியவில்லை. திறப்பைக் காணோம். இவர் எங்கோ வைத்துவிட்டார். கேட்டால், "என்ன திறப்பு?" காலை முழுக்கத் தேடினேன். மெத்தைக்குக் கீழே, அரிசிக்குள், சப்பாத்துக்குள். கடைசியில் இவருடைய காற்சட்டைப் பைக்குள். முதலே அங்கே பார்த்திருந்தேன் என்று சத்தியம் செய்வேன்.

அப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வெயில், வெக்கை. ஏரி தட்டையாகத்தான் கிடந்தது. அக்கரையில் கால்வாய் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. நாளைக்கு நிற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். நாளைக்கு இவர் எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? வெளிக்கிட்டேன்.

அரைவாசி தூரத்தில் கரையில் செம்மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக. அது எச்சரிக்கை. ஜூரா மலை கறுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு வேகமாகச் சிமிட்டியது. அது புயல். திரும்பிப் போவதா, முன்னே போவதா என்று நினைத்து முடிக்கவில்லை, காற்று மலையிலிருந்து இறங்கி வலப்பக்கம் அடித்தது. குளிர்காற்று. தண்ணீரின் நிறமே மாறிவிட்டது.

அலை பக்கவாட்டில். படகு உருண்டது. கீழே கோப்பைகள் உடைகிற சத்தம். இடப்பக்கம் நாணல் கரை, ஆழமில்லை, காற்று அங்கேதான் தள்ளுகிறது. நான் உடம்பை முழுக்கப் போட்டுச் சுக்கானைப் பிடித்தேன். அப்போது இவர் முன்பக்கத்தில் எழுந்து நின்றார். மிதவைச் சட்டையின் வாரைக் கழற்றிக்கொண்டு.

"இருங்கோ! இருங்கோ!"

"இறங்கிற இடம் வந்திட்டுது" என்று கத்திச் சொன்னார். ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தார்.

சுக்கானை விட்டுவிட்டு ஓடினேன். படகுக்குள்ளால், உடைந்த பீங்கானுக்கு மேலால். பின்னால் இழுத்து விழுத்தினேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன். படகு இதற்குள் குறுக்கே திரும்பிவிட்டது. இவரை என் காலடியில் இருத்தி, சட்டையை மாட்டி, கயிற்றை இடுப்பில் சுற்றிக் கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். கட்டி முடித்துத் திரும்ப, அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். வயர் வேலை செய்த விரல்கள். மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்த்தார். மூன்றாம் தரம் கையிரண்டையும் சேர்த்துக் கட்டினேன். பின்பக்கமாக.

உடனே மாறிவிட்டார். இழுபறி நின்றது. தலையைக் குனிந்தார், தோளை ஒடுக்கினார். பிறகு எனக்குத் தெரியாத ஒரு சின்னக் குரலில்:

"மாத்தையா. எனக்கு ஒண்டும் தெரியாது மாத்தையா."

சிங்களத்தில் ஐயா என்கிற சொல். பிறகு முழுக்கவே சிங்களம். கெஞ்சல் என்று மட்டும் விளங்கியது. ஊரில் இளந்தாரியாக இருந்தபோது இவரை ஆமி பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தார்கள் என்று தெரியும். கல்யாணம் பேசும்போதே சொன்னார்கள். அங்கே என்ன நடந்தது என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அலையும் காற்றுமாக ஏரி நடுவில், என் காலடியில், என் கையால் கட்டப்பட்டு, இவர் அங்கே இருந்தார். இவருக்கு நான் அவர்களில் ஒருவன்.

"நான்தானப்பா. நிர்மலா. நிர்மலா."

"ஓம் மாத்தையா."

அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருந்தால் குதித்திருப்பார். அவிழ்க்காமல் ஓட்டினேன்.

உள்ளே தரையில் தண்ணீர் பளபளத்தது. முன்பக்கத்தால் அலை ஏறி இறங்கியிருக்கிறது. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் தானாக வேலை செய்ய வேண்டும். சத்தமே இல்லை. அப்போதுதான் அந்த நீல வயர் நினைவுக்கு வந்தது. படகு முன்பக்கம் கனத்துச் சுக்கானுக்கு மசிய மறுத்தது. பெரிய மோட்டார் போட்டிருக்கலாம். நானும் ஓட்டட்டும் என்று சின்னதைப் போட்டார். அதன் பிடியைக் கடைசிவரை தள்ளிப் பிடித்தேன். கந்தசட்டி கவசம் சொல்லத் தொடங்கி, வரி வராமல், "முருகா, இடப்பக்கம் வேண்டாம், இடப்பக்கம் வேண்டாம்" என்று மட்டும்.

கால்வாய் வாசலின் கல்லணையில் உரசிக்கொண்டு உள்ளே விழுந்தோம். உள்ளே போனதும் தண்ணீர் அடங்கியது. காதில் மட்டும் காற்று.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். கட்டினார். பிறகு இவரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன சொல்வது?

அவிழ்க்க என் விரல் வேலை செய்யவில்லை. அவர்தான் கத்தி எடுத்து அறுத்தார்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

கழுவிவிட்ட மாதிரி வானம். அதே ஏரி, குழந்தைப்பிள்ளை மாதிரிக் கிடக்கிறது. வெறுப்பாக இருந்தது.

வாளியால் இறைத்தேன். மீன்காரரும் ஒரு கைப்பம்ப் கொண்டுவந்தார். கம்பளி எல்லாம் நனைந்து கனம். அரிசி போச்சு. மருந்துப் பெட்டி தப்பியது. நீல வயரைப் பூட்டினேன், பம்ப் உறுமியது. இரண்டு நிமிட வேலை.

இவர் வெயிலில் இருந்து பாண் சாப்பிட்டார். மணிக்கட்டில் சிவப்புக் கோடு. அதைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னண்டு வந்தது?"

"கயிறு பட்டது."

"கவனமாயிருக்க வேணும்" என்றார், எனக்கு. சிரித்தார். ஒன்றும் நினைவில்லை. முழுக்க மறந்துவிட்டார். எனக்கு மட்டும்தான் மிச்சம்.

முகத்தை வழித்துவிட்டேன். நகம் வெட்டினேன். வழிக்கும்போது கழுத்தை நீட்டிக் கொடுத்தார், ஒரு பயமும் இல்லாமல். நேற்று கட்டிய அதே கை. அதைத் தாங்க முடியவில்லை. கரையில் இறங்கி மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன், இவரைக் கண்ணில் வைத்துக்கொண்டே.

எத்தனை தரம் கட்டலாம்? மூர்ட்டனில் கட்டமாட்டேனா? கதவை வெளியால் பூட்டுவது கட்டுவது இல்லையா? ஒக்டோபரில், குளிரில், இவர் தண்ணீருக்குள் இறங்கும்போது நான் நித்திரையாக இருந்தால்? ஹைமுக்கு விடமாட்டேன் என்று கொண்டுவந்து, நான் செய்தது என்ன?

ஹைமுக்கு எடுத்தேன். அந்தப் பெண்தான். "ஓம், பதினைந்தாம் திகதி வருகிறோம்." கைகளை ஒருபோதும் பிடித்து அமத்தக்கூடாது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். பழைய விஷயம் என்றேன். பிறகு அதுவும் போதாதுபோல இருந்தது. சொன்னேன். எனக்குத் தெரிந்ததை, நேற்றையதையும். "சொன்னதற்கு நன்றி" என்றாள். நானும் என் வேலையிடத்தில் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அபிக்கு எடுத்தேன்.

"ஓமெண்டு சொல்லிட்டன்."

"அம்மா, சாப்பிட்டீங்களோ?"

"பாண்."

"நாளைக்கு மூர்ட்டனுக்குக் காரோட வாறன். அதுவரைக்கும் ஏரிக்குள்ளை போகாதையுங்கோ. ப்ளீஸ்."

"மூர்ட்டன் ஏரி சின்னன். காலமை போவன். காத்துப் பாத்துத்தான் போவன்."

"நீங்களோ ஓட்டுறீங்கள்?"

"வேறை ஆர்?"

செப்டெம்பர் 10, புதன்

புரோய் கால்வாய். காற்றில்லை. வயல், புகையிலைக் கொட்டில், தூரத்தில் சோளம் வெட்டுகிற சத்தம். பாலத்துக்குக் கீழே நடுவால் போனேன், ஒரு பக்கமும் முட்டவில்லை. சுக்கானை இரண்டு விரலால் பிடிக்கலாம் என்று இன்றுதான் தெரிந்தது. இவர் அப்படித்தான் பிடிப்பார். நான் அதை அலட்சியம் என்று நினைத்திருக்கிறேன்.

இவர் இன்று என் பக்கத்திலேயே, வாங்கில். முன்பக்கம் போகவில்லை. நான் போகிற திசையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், பிறகு திசையை. பயணம் முழுக்க இப்படி.

மனதுக்குள் ஒன்று: திரும்பிவிடு. ஹைமுக்கு எடுத்துச் சொல்லிவிடு, வரவில்லை என்று. இன்னொரு கால்வாய் இல்லையா, இன்னொரு கிழமை இல்லையா? சுகியே ஊரைத் தாண்டும்வரைக்கும் இதே சத்தம். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மூர்ட்டன் ஏரி தட்டை. துறையில் அபி, கயிறு வாங்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எறிந்தேன். பிடித்தாள். நான் சுவரில் முட்டாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் கயிற்றைத் துறைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"ஹலோ அப்பா."

"வாங்கோ, வாங்கோ" என்றார் இவர், விருந்தாளியை வரவேற்கிற மாதிரி. அவள் ஏறி வந்து கட்டிப்பிடித்தாள். இவர் முதுகில் தட்டிக் கொடுத்தார், யாரோ அழுகிற பிள்ளைக்குத் தட்டுவதுபோல.

செப்டெம்பர் 15, திங்கள்

மழை திரும்பவும். சேர்ட்டுகளில் பெயர்த்துணி தைத்தது போதவில்லை, காரில் வைத்து இரண்டு காலுறைக்குத் தைத்தேன். அபி ஓட்டினாள். இவர் வைப்பரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹைம் வாசலில் அதே மணம். எல்லா ஹைமிலும் ஒரே மணம். வேலைக்குப் போகும்போது மூக்கில் ஏறாது. இன்று ஏறியது.

அறை இரண்டாம் மாடி. கட்டில், அலுமாரி, யன்னல். யன்னலுக்கு வெளியே தோட்டம் உண்மையாகவே இருக்கிறது. சாமிப்படம் வைக்கலாமா என்று அபி கேட்டாள். வைக்கலாமாம். மெழுகுதிரி கூடாது.

தாதி இளம் பெண். முழங்காலில் இருந்து, இவருடைய கண் மட்டத்துக்கு வந்து கதைத்தாள். கையைத் தொட முதல் கேட்டாள். அதைக் கவனித்தேன். நல்ல பிள்ளை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாப்பாட்டு விருப்பம், நித்திரை, பயம், எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு என்னைக் காட்டி, மெதுவாக, ஜெர்மனில், "இந்தப் பெண் யார், யோகன் ஐயா?" கேட்கவேண்டிய கேள்விதான். நானும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அபி யன்னல் பக்கம் திரும்பினாள்.

இவர் என்னைப் பார்த்தார். கனநேரம். நான் சிரிக்காமல் நின்றேன், சிரித்தால் உதவி செய்ததாகிவிடும்.

"இவவோ? இவதான் போட் ஓட்டுறவ."

தாதி என்னைப் பார்த்தாள். மொழிபெயர்த்தேன்.

"ஸ்டிம்ட் தஸ்?" என்று கேட்டாள். உண்மையா?

ஓம் என்றேன்.